இடது பக்கப் பின்கதவு

என் தம்பிக்குத் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் வேலை. இதைக் கேட்டதும் ஏதோ பெரிய வித்தைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பெயின்ட் அடிப்பது இயந்திரம். பெயின்ட் ஏறப் போகிற தகடுகளை அதற்கு முன்னால் துணியால் துடைத்துவிடுவதுதான் இவன் வேலை. ஸ்ரீசிட்டியில் வேலை, திருப்பதியில் அறை, கம்பெனி பஸ், கழுத்தில் அடையாள அட்டை என்று பந்தாவுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. எம்.ஏ., பி.எட். முடித்து, சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் நான். நாற்பது வயதில் ஒருவன் துடைக்கிற வேலைக்குப் பஸ் ஏறிப் போவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதை மறைத்ததும் இல்லை. சாப்பிடும்போது என் டம்ளர் சாய்ந்து தண்ணீர் கொட்டினால்கூட, "டேய், உன் தொழில்தானே, துடைடா" என்பேன். அவனும் துடைப்பான்.

அப்படிப்பட்டவனுக்குப் போன் போட்டு, "வீட்டுலயே வெச்சி கார் கதவுக்கு பெயின்ட் அடிக்க முடியுமாடா?" என்று கேட்கும் நிலைமை ஒரு கோடை விடுமுறையில் எனக்கு வந்தது. காரை இடித்தது நான்.

கார் நைனாவுடையது. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பன்னிரண்டு வருஷத்துக் கார், கருநீலம். தினமும் விடிந்ததும் பழைய பனியனை நனைத்துக்கொண்டு போய் அதைத் துடைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். இரண்டாவது கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொள்ள வேலூருக்குப் போனவர், பத்து நாள் அத்தை வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. போகும்போது என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "சர்ச்சுக்குப் போ, கடைக்குப் போ. திருப்பதி பக்கம் மட்டும் வண்டிய எடுக்காத."

திருப்பதி ஏன் வேண்டாம் என்றால், ஐந்து வருஷத்துக்கு முன்னால் தம்பி குடித்துவிட்டு அந்தச் சாலையில்தான் நடுத்தடுப்பின் மேல் காரை ஏற்றினான். யாருக்கும் அடி இல்லை. அன்றைக்கு அவன் கையிலிருந்து பிடுங்கிய சாவி என் கைக்கு வந்தது. அது வெறும் சாவி என்று நினைப்பவர்களுக்கு எங்கள் சபையைத் தெரியாது. யாருக்காவது கல்யாணம் என்று சர்ச்சில் ஓலை வாசிக்கும்போதெல்லாம், கல்யாணம் ஆகாத என்னைத் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டும் அம்மாமார் ஒரு வரிசை உண்டு. அதே அம்மாமார் ஆராதனை முடிந்ததும், "டீச்சர், அந்த முனையில எறக்கி உட்ருவியா?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வருவார்கள். நான் கதவைத் திறந்துவிட்டால் ஏறுவார்கள், இல்லாவிட்டால் வெயிலில் நடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு அந்த ஒரு சந்தோஷம்தான் பாக்கி இருந்தது, அதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

நைனா போன மூன்றாம் நாள் திருப்பதியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. மொட்டைத் தலைகளும் சந்தன வாசனையுமாக நெருக்கியடிக்கிற பஸ்ஸில் நின்றுகொண்டு போக என்னால் ஆகாது. காரை எடுத்தேன். பயிற்சி நடந்த மண்டபத்தின் கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்த இடம் தேடி, பின்னால் எடுத்தபோது கரகரவென்று ஒரு சத்தம். இரும்புக் கம்பம். இடது பக்கப் பின்கதவில் நாலு விரல் அகலத்துக்குத் தகடு தெரியச் சிராய்த்திருந்தது. பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சித்தூரில் கார் ஒடுக்கெடுத்துப் பெயின்ட் அடிக்கிற டிங்கர் வேலை செய்கிறவர்களில் இரண்டு பேர் எங்கள் சபைக்காரர்கள். அங்கே கொண்டுபோய் விட்டால் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் விஷயம் வேலூருக்குப் போய்விடும். நைனாவுக்குத் தெரிந்தால் சாவி போச்சு. இன்னொன்றும் உண்டு. அந்தக் காரில் ஒரு கீறல் இருந்தால் நைனா முதலில் யாரைச் சந்தேகப்படுவார் என்பது எனக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். போனில் அவன் கேட்டது ஒன்றுதான்.

"உனக்கு அடி கிடி படலையேக்கா?"

"எனக்கு இன்னாடா? காருக்குத்தான் பட்டுது. வந்து சேரு."

அந்த வாரம் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்க விடுமுறை விட்டிருந்தார்கள். மறுநாளே வந்துவிட்டான். அவன் வாசலில் நின்றதும் என் மூக்கு தானாக வேலை செய்தது. இரண்டு வருஷமாக நாக்கில் ஒரு சொட்டுப் படவில்லை என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் நம்பினால்தானே? அவன் ஊருக்கு வரும்போதெல்லாம், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "நைனா, ஊதச் சொல்லுங்க" என்பேன். நைனா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இவன் குனிந்து அவர் முகத்துக்கு நேராக ஊதுவான். "ஒண்ணும் இல்லம்மா" என்பார் நைனா. "ஏலக்காய மென்னுக்கினு வந்திருப்பான்" என்பேன் நான்.

வந்தவன் பெயின்ட் அடிப்பான் என்று பார்த்தால், முதல் நாள் முழுக்க உப்புத்தாளை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். சிராய்ப்பு இருந்த இடத்தில் மட்டுமல்ல, கதவு முழுவதையும் தேய்த்தான். நல்லா இருந்த இடத்தையும் கெடுக்கிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"பெயின்ட் எப்படா அடிப்ப? அடுத்த கிறிஸ்துமஸுக்கா?"

"பெயின்ட் கடைசிலக்கா. அடியில எப்டி இருக்குதோ அப்டித்தான் மேல தெரியும்."

"ரொம்பத்தான் உபதேசம் பண்ற. போதகர் லீவுல போனா உன்னக் கூப்புட்றன்."

பள்ளத்தில் பட்டி வைத்துத் தேய்த்தான். காய்ந்ததும் மறுபடி தேய்த்தான். மேலே ப்ரைமர் அடித்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அதையும் தேய்த்தான். கம்ப்ரசரும் பெயின்ட் அடிக்கிற கன்னும் நாராயணவனத்திலிருந்து இவனுடைய சிநேகிதன் ஒருவன் பைக்கில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனான். கட்டில், பீரோவுக்கு வார்னிஷ் அடிக்கிறவன். நம் கார் கட்டில் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததைச் சொல்லவும் சொன்னேன்.

ஒவ்வொரு தடவை தேய்த்து முடித்ததும் தம்பி கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைக் கதவின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகக் கொண்டுபோவான். பார்க்கச் சகிக்கவில்லை.

"இன்னாடா, கதவுக்கு ஜெபமா?"

"மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாதுக்கா. கைக்குத்தான் தெரியும்."

எங்கள் கார் ஷெட் இரண்டு பக்கம் திறந்தது. சித்தூர்க் கோடையில் ஒரு லாரி போனால் போதும், அரை மணி நேரம் தூசி அடங்காது. பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்ட வேண்டும் என்றான். நான் விட்டேனா? என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் நகரிக்காரி, அவர்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த, வெளுக்காத கோராத் துணி ஒரு கட்டு என்னிடம் இருந்தது. பள்ளிக்கூடத்து ஜன்னல் திரைகளுக்காக வாங்கி வைத்தது. அதைக் கட்டச் சொன்னேன்.

அவன் துணியை விரலால் தடவிப் பார்த்தான். "புதுசுக்கா. பஞ்சு உதிரும். நனைச்சி, புழிஞ்சி, ஈரத்தோட கட்டிடலாமே."

நனைத்தால் சுருங்கிவிடும், திரைக்கு அளவு வராது. "எனக்குத் தெரியாதா? துணியால துடைக்கிறவன்கிட்டத்தான் துணியப் பத்திக் கேக்கணுமா நானு? கட்டுடா."

கட்டினான்.

வெயில் ஏறிவிட்டால் கன்னிலிருந்து புறப்படும் பெயின்ட் கதவுக்குப் போவதற்குள் காய்ந்து, மணல் மாதிரி ஒட்டும் என்று விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டான். தரையெல்லாம் தண்ணீர் தெளித்தான். கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கதவு தொடங்குவதற்கு முன்னாலேயே கையை ஓட்டத் தொடங்கி, கதவு முடிந்தும் நிறுத்தாமல் கொண்டுபோனான். லேசாக ஒரு பூச்சு, காத்திருப்பு, அதற்கு மேல் இன்னொரு பூச்சு. கடைசியாகப் பளபளப்புக்கு அடிக்கிற கிளியர் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு ரெட்டியம்மா கேட்டுக்கு வந்து, வெள்ளைத் துணிப் பந்தலைப் பார்த்துவிட்டு, "ஏம் டீச்சர்காரு, பந்திரி வேசாரு? இன்ட்லோ பெள்ளியா?" என்று கேட்டார். பந்தல் போட்டிருக்கிறீர்களே, வீட்டில் கல்யாணமா என்று என்னிடம், அதுவும் காலங்காத்தாலே! அந்த ஆத்திரத்தையும் தம்பி மேலேதான் காட்டினேன். "சீக்கிரம் முடிச்சித் தொலைடா. ஊரே வேடிக்க பாத்துக்கினு இருக்குது."

கிளியர் அடித்து முடித்து அவன் கன்னைக் கீழே வைத்தான். பெருமாள் கோயில் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. துணி ஒரு முறை உப்பி, படபடவென்று அடித்து அடங்கியது. ஈரக் கதவின் மேல் பொடிப் பொடியாக வெள்ளைப் பஞ்சு, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும்.

தம்பி கதவைப் பார்த்தான், துணியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பாத்தியா உன் லட்சணத்த! துடைக்கிறவனுக்கு அடிக்கிற வேல எதுக்குடா? நைனா சொன்னது சரிதான், நீ தொட்டது எதுடா உருப்பட்டுது?" அரை மணி நேரம் விடாமல் பேசினேன். நைனா அப்படி எதுவும் சொன்னதில்லை, அது நானாகச் சேர்த்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "நாஸ்தா துன்னியாக்கா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கும் திட்டினேன்.

மறுநாள் அத்தனையையும் தேய்த்து எடுத்தான். துணியை அவிழ்த்துத் தொட்டியில் ஊறப்போட்டு, கஞ்சி போகத் துவைத்து, சொட்டச் சொட்டத் திரும்பக் கட்டினான். என் பள்ளிக்கூடத்துத் திரைகள் சுருங்கிப்போயின. நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டுமோ அப்படி வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை இன்னொரு தடவை. இந்த முறை தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு, ஈரப் பனியனோடு வந்தான், உடம்பிலிருந்து ஒரு முடி, ஒரு தூசி பறக்கக் கூடாதாம். பையிலிருந்து பிசின் தடவிய ஒரு துணியை எடுத்துக் கதவைத் துடைத்தான். மேலிருந்து கீழே, ஒரே திசையில், அழுத்தாமல், துணியை மடித்து மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்பி. கால் மணி நேரம் அதே வேலை. சமையலறைப் படியில் காப்பியோடு உட்கார்ந்திருந்த நான், "சம்பளத்துக்குச் செய்யிறத வீட்டுலயும் செஞ்சி காட்றியா?" என்றேன். அவன் சிரித்தான். பிறகு அடித்தான்.

கிளியர் ஏறி முடிந்ததும் நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். கதவில் என் முகம் தெரிந்தது, தலையில் நரைத்த முடியைக்கூட எண்ணிவிடலாம். ஒரு தூசி இல்லை, ஒரு வழிசல் இல்லை. "பரவால்ல" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் அவனுக்குச் சொன்ன பெரிய பாராட்டு அதுதான். அதற்கே அவன் காது சிவந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் வரைக்கும் மிக மெல்லிய வாட்டர் பேப்பராலும் பாலிஷாலும் தேய்த்து முடித்தான். இரண்டு பேரும் நாலு மூலையிலும் நின்று பார்த்தோம். கிட்டப் பார்த்தோம், எட்டப் பார்த்தோம், வெயிலில் நகர்த்திப் பார்த்தோம். நிறம் மற்றக் கதவுகளோடு அப்படியே பொருந்தியது. என் சாவி என்னிடமே இருக்கும் என்ற நிம்மதியில் அன்றைக்கு நான் அவனுக்கு முட்டைகூட வறுத்துப் போட்டேன்.

சாயங்காலம் நைனா வாடகைக் காரில் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடி. எல்லாம் இன்னும் மங்கலாகத்தான் தெரிகிறது என்றார். வீட்டுக்குள் போகவில்லை, நேராக ஷெட்டுக்குப் போனார். பத்து நாள் பிரிந்திருந்த பிள்ளையைத் தொடுவதுபோல் பானெட்டின் மேல் கையை வைத்தார். அப்படியே தடவிக்கொண்டே இடது பக்கமாக வந்தார். முன்கதவு தாண்டியது. பின்கதவில் கை நின்றது.

திரும்பவும் முன்கதவுக்குப் போனார். மறுபடி பின்கதவு.

"இது இன்னா, இது மட்டும் வழவழன்னு கண்ணாடி மாதிரி கீது?"

பன்னிரண்டு வருஷம் தினமும் பனியன் துணியால் துடைத்துத் துடைத்து, கார் முழுக்க முடியளவு கீறல்கள். கண்ணுக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும். அந்தக் கை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்பது, எல்லாம் தெரிந்த எனக்குத் தோன்றவே இல்லை. கதவு சொரசொரப்பாக இருந்திருந்தால் தப்பித்திருப்போம்.

நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. "டேய்" என்றார். "எப்பட்ரா மறுபடியும் ஆரம்பிச்ச?"

உடனே உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. சொல்லவில்லை. சாவி என் இடுப்பில் செருகியிருந்தது, அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிட்ட வாடா. ஊது."

நாற்பது வயது ஆள், முன்தலை வழுக்கை, நகக்கண்ணெல்லாம் கருநீலம். போய்க் குனிந்து ஊதினான். ஐந்தாறு நாளாகப் பெயின்ட் கரைக்கிற தின்னரிலேயே முங்கிக் கிடந்தவன். நைனா முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டார்.

"வாசன அடிக்குது."

"அது தின்னர் நைனா!" அப்போதுதான் என் வாய் திறந்தது. "அவன் குடிக்கல. கார இடிச்சது நானு. நீங்க வேணாம்னு சொல்லியும் திருப்பதிக்கு எடுத்துக்கினு போனன், கம்பத்துல மோதிட்டன். அவன் வந்து சரிபண்ணிக் குடுத்தான், அவ்ளோதான்."

நைனா சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நீயா? நீ எங்கம்மா இடிக்கப் போற? இவனுக்குப் பரிஞ்சி பேசாத. இவன் ஏலக்காய மென்னுக்கினு வரான்னு இத்தன வருசமா எனக்குச் சொன்னவளே நீதான்."

"சத்தியமா நைனா. பைபிள் மேல வேணா அடிச்சிச் சொல்றன்."

"கூடப் பொறந்த பாசம். நீ இன்னா பண்ணுவ பாவம்."

சாவியை எடுத்து அவர் கையில் திணித்தேன். தடவிப் பார்த்து அது என்ன என்று தெரிந்துகொண்டு, திரும்ப என் உள்ளங்கையிலேயே வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். "உங்கிட்டயே இருக்கட்டும். இவன் கையில மட்டும் குடுத்துடாத."

தம்பி பையை எடுத்துக்கொண்டான். போவதற்கு முன்னால், கதவில் நைனாவின் கைரேகை படிந்திருந்த இடத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை துடைத்தான். கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் காரில் கொண்டுவிடுகிறேன் என்றேன்.

"வேணாங்க்கா" என்றான். "நீ ஓட்டுனா எனக்கு பயமா கீது."

என்னை அவன் கிண்டல் செய்தது அதுதான் முதல் தடவை. திட்டாமல் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நைனாவிடம் நாலு முறை சொல்லிவிட்டேன். திருப்பதி மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கம்பத்தையே காட்டுகிறேன் என்றேன். அவர் சர்ச்சில் போய், "எம்பொண்ணு தம்பிக்காகப் பழியத் தூக்கித் தன் தலமேல போட்டுக்குது" என்று பெருமை பேசிவிட்டு வருகிறார். ஓலை வாசிக்கும்போது உச்சுக்கொட்டிய அம்மாமார் இப்போது கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அவர்களை ஏற்றிக்கொண்டுதான் வருகிறேன். இரண்டு பேர் அந்தக் கதவைத் திறந்துதான் ஏறுகிறார்கள்.

அடுத்த மாதம் தம்பி வந்தான். ஊதச் சொல்லக் கூடாது என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். யாரும் கேட்காமலே அவன் நேராக நைனாவின் நாற்காலிக்கு முன்னால் போய், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், குனிந்து ஊதினான்.